நூல் அறுந்த டயருக்கு ஒட்டு உதவாது

ரோடு பைக்கின் டயரில் வெட்டு விழுந்தால் சரிசெய்து ஓட்டுவதா, புதிது வாங்குவதா என்று கேட்டால் நம் ஊரில் இரண்டு பதில்கள் கிடைக்கும். தெருமுனை பஞ்சர் கடைக்காரர், “இதுக்குப் போயி புதுசு எதுக்குங்க? உள்ளே ஒரு பழைய டயர் துண்டை வெச்சுக் குடுத்தா இன்னும் ஆறு மாசம் ஓடும்” என்பார். இறக்குமதி சைக்கிள் விற்கும் ஷோரூமிலோ, ட்யூபில் முள் குத்தியதற்கே “மாத்திடலாம் சார்” என்று புது ட்யூப் பெட்டியைப் பிரித்துவிடுவார்கள். முதல் பதில் சிக்கனம் போலவும் இரண்டாவது பாதுகாப்பு போலவும் தோன்றும். இரண்டுமே, பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் சொல்லப்படுபவை. ட்யூபை ஒட்டலாம், ஒன்றுக்குப் பல முறை ஒட்டலாம். டயரின் ரப்பரில் விழும் கீறலைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவே வேண்டாம். ஆனால் ரப்பருக்கு அடியில் இருக்கும் நூல் அறுந்துவிட்டால் எந்த ஒட்டும் அதை மீட்காது. ஐயாயிரம் ரூபாய் டயரானாலும் ஆயிரம் ரூபாய் டயரானாலும் கழற்றிவிட வேண்டியதுதான்.

டயர் என்றதும் நமக்கு ரப்பர்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ரோடு பைக் டயர் அடிப்படையில் ஒரு துணி. நைலான் இழைகளை ஒரே திசையில் நெருக்கமாக அடுக்கி ரப்பரில் தோய்த்து விரிப்பாக்குகிறார்கள். ஓர் அடுக்கை ஏறத்தாழ 45 பாகைச் சாய்விலும் அடுத்த அடுக்கை எதிர்ச்சாய்விலும் போட்டு டயரின் உடலைக் கட்டுகிறார்கள். ரிம்மைப் பற்றிக்கொள்ள இரு ஓரங்களிலும் கம்பியாலோ அராமிட் இழையாலோ ஆன வளையம் இருக்கும். சாலையைத் தொடும் நடுப்பட்டையில் மட்டும் மேலே சில மில்லிமீட்டர் ரப்பர். பக்கச்சுவரில் அதுவும் கிடையாது, நூலின் மேல் மெல்லிய பூச்சு மட்டும்தான். 25 மி.மீ. அகலமுள்ள நல்ல பந்தய டயர் ஒன்றின் மொத்த எடையே 220 கிராம் அளவுதான். இவ்வளவு மெல்லிய துணிக்குள் நாம் அடைக்கும் காற்று கொஞ்சநஞ்சமல்ல. கார் டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ இருக்கும், இந்த டயரில் 90 முதல் 100 வரை. அழுத்தத்தை டயரின் குறுக்கு ஆரத்தால் பெருக்கினால் அதன் சுவரை இழுக்கும் விசை கிடைக்கும். 7 பார் அழுத்தம், 12.5 மி.மீ. ஆரம் என்றால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கிட்டத்தட்ட 0.9 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. அதாவது டயரின் ஓட்டத்தை ஒட்டி ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டு விழுந்தால், அந்த வாய் பிளக்காமல் இருக்க 9 கிலோ அளவுக்குப் பிடிமானம் வேண்டும். இதுவும் சைக்கிள் சும்மா சுவரில் சாய்ந்து நிற்கும்போது. இந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது நூல். சாலையைப் பிடிப்பதும் நூலுக்குக் கவசமாக இருப்பதும்தான் ரப்பரின் வேலை.

ட்யூபின் நிலைமை இதற்கு நேர் எதிர். டயருக்கு வெளியே வைத்துக் காற்றடித்தால் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே ட்யூப் தாறுமாறாக உப்பிவிடும். அதனால் எதையும் தாங்க முடியாது, தாங்கத் தேவையும் இல்லை. காற்று கசியாமல் வைத்திருந்தால் போதும். ஓட்டையின் மேல் வைத்த ஒட்டை உள்ளிருக்கும் காற்று டயரின் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அழுத்தம் கூடக்கூட ஒட்டு இன்னும் இறுகும். முறையாக ஒட்டிய ட்யூப் புது ட்யூபுக்குக் குறைந்ததல்ல என்று சைக்கிள் மெக்கானிக்குகள் சொல்வது சமாதானப் பேச்சு அல்ல, இயற்பியல். ஒட்டு விட்டுப்போனால் அதற்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம்: உப்புத்தாளால் சரியாகத் தேய்த்திருக்க மாட்டார்கள், அல்லது தடவிய சொலூஷனின் பளபளப்பு மறைவதற்குள் ஒட்டை வைத்திருப்பார்கள். வால்வின் அடியில் கிழிந்த ட்யூபை மட்டும் ஒட்ட முடியாது. புதிதாக வரும் டிபியு ட்யூபுகளுக்கு அவற்றுக்கே உரிய தனி ஒட்டு வேண்டும். மற்றபடி ஒரு முள் குத்தியதற்காக ட்யூபைக் குப்பையில் போடுவது காசுத் திமிர் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இன்றைய சைக்கிள் டயரின் வடிவமே ட்யூபை ஒட்டும் தேவையிலிருந்து பிறந்ததுதான். 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயர் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டது. பஞ்சரானால் பிரித்து, சரிசெய்து, மறுபடி ஒட்டி, பசை காயும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட டயருடன் 1889இல் கிளெர்மோன் ஃபெரானில் இருந்த மிஷ்லன் சகோதரர்களின் ஆலைக்கு ஒருவர் வந்து நின்றார். சரிசெய்யவே சில மணி நேரம், உலர ஓர் இரவு. அந்த அலுப்பிலிருந்து 1891இல் கழற்றி மாட்டக்கூடிய டயர் பிறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்த டயரோடு ஷார்ல் தெரோன் ஏறத்தாழ 1,200 கி.மீ. தூரமுள்ள பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போட்டியில் வென்றார். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இன்றும் நடக்கும் அந்த நெடும்பயணத்துக்குத் தகுதி பெறத்தான் நம்மவர்களும் 200, 300, 400, 600 கி.மீ. பிரெவே ஓட்டங்களை முடித்துவிட்டுப் போகிறார்கள். ஒட்டுப்போடும் வித்தைக்கு இவ்வளவு பெருமை உண்டு. அந்தப் பெருமை ட்யூபோடு நிற்கிறது, டயரின் உடலுக்கு அதை நீட்டிக்கொண்டு போகும்போதுதான் தவறு தொடங்குகிறது.

பஞ்சர் அடிக்கடி ஆகிறது என்பதற்காகவே நல்ல டயரை மாற்றிவிடுவோர் உண்டு. ட்யூபில் ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் பல நேரம் டயர் நிரபராதி என்று தெரியும். ரிம்மைத் தொடும் உட்பக்கத்தில் ஓட்டை என்றால் குற்றவாளி ரிம் டேப். பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்றுக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறோம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டை விழுந்தால், லாரி டயர்கள் வெடித்து நெடுஞ்சாலையில் சிதறிக்கிடக்கும் மயிரிழைக் கம்பிகளில் ஒன்று இன்னும் டயரிலேயே குத்தி நிற்கிறது. விரலால் தடவினால் அகப்படாது. ஒரு பஞ்சுத் துணுக்கை உள்ளே சுற்றி இழுத்தால் மாட்டும்.

ரப்பரைப் பற்றிய அச்சமும் இப்படித்தான். பட்டன் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது, மழையில் வழுக்கும் என்று கவலைப்படுவது காரிலிருந்து வந்த பழக்கம். கார் டயர் அகலமானது, தட்டையானது, அழுத்தம் குறைந்தது. அது தண்ணீரின் மேல் ஏறி மிதக்காமல் இருக்கக் கோடுகள் வேண்டும். மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. விமான டயர்களுக்காக வகுத்த அந்தச் சூத்திரத்தில் 100 பிஎஸ்ஐ என்று போட்டால் மணிக்கு 160 கி.மீ.க்கு மேல் விடை வருகிறது. கொல்லிமலை இறக்கத்தில் எந்த வீரரும் அந்த வேகத்தை எட்டப்போவதில்லை. பந்தய டயர்கள் பல கடையிலிருந்து வரும்போதே ஏறக்குறைய வழுவழுவென்றுதான் வருகின்றன. ஆகவே பட்டன் போனது மாற்றுவதற்குக் காரணமாகாது. நடுப்பட்டையின் வளைவு போய் தட்டையாகத் தேய்ந்திருப்பது, தேய்மானக் குறிக்காக வைத்திருக்கும் சிறு குழிகள் மறைந்திருப்பது, அடியிலிருக்கும் நூல் எட்டிப்பார்ப்பது ஆகியவைதான் காரணங்கள். மேற்பரப்பில் நாலைந்து கீறல் விழுந்திருந்தால், அதில் ஒளிந்திருக்கும் கண்ணாடித் துணுக்கை ஊசியால் எடுத்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். எடுக்காமல் விட்டால் சக்கரம் சுற்றச் சுற்ற அது நூலை நோக்கி நகரும். கீறலில் சூப்பர் குளூ ஊற்றி மூடுவது பார்வைக்கு அழகு, அதற்கு மேல் பெரிய பலனில்லை.

எனவே தீர்ப்பு சொல்ல வேண்டுமென்றால் டயரைக் கழற்றி, உட்புறத்தை வெளியே திருப்பி, நல்ல வெளிச்சத்தில் ஒரு சுற்று பார்த்தாக வேண்டும். ரிம்மில் மாட்டியிருக்கும்போது வெளியிலிருந்து பார்த்துச் சொல்லும் எந்தக் கருத்தும் ஊகம்தான். முள்ளும் மெல்லிய கம்பியும் பெரும்பாலும் நூல்களை விலக்கிக்கொண்டு போகும், எடுத்ததும் நூல்கள் பழையபடி சேர்ந்துகொள்ளும். அந்த டயருக்கு ஒன்றுமில்லை. கண்ணாடியும் உடைந்த ஓடும் நூலை அறுக்கும். நடுப்பட்டையில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் அறுந்து, காற்றடித்த பிறகும் அந்த இடம் புடைக்காமல் இருந்தால் பின்சக்கரத்தில் வைத்துக் கவனித்துக்கொண்டே கொஞ்ச காலம் ஓட்டலாம் என்பது என் கணக்கு. அதற்கு மேல் போனால் வேண்டாம். பக்கச்சுவரில் நூல் அறுந்திருந்தால் அளவே பார்க்க வேண்டாம். எங்காவது புடைப்பு தெரிந்தால் வெட்டே கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்த டயர் முடிந்துபோனதுதான். அடியில் நூல்கள் விட்டுப்போய், மிச்சமிருப்பவை கூடுதல் பாரத்தைச் சுமக்கின்றன என்பதற்கு அதுவே அறிகுறி.

இங்கே உள்ளே வைக்கும் துண்டைப் பற்றிப் பேச வேண்டும். நடுவழியில் டயர் கிழிந்தால் பழைய டயர் துண்டோ, மடித்த பிஸ்கட் உறையோ, அதற்கென்றே விற்கும் ஒட்டுப்பட்டையோ வைத்து வீடு வந்து சேர்வது பழைய உத்தி, நல்ல உத்தி. “அப்படியே நூறு கிலோமீட்டர் வந்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்வோர் பொய் சொல்லவில்லை. ஆனால் ட்யூபில் ஒட்டுக்குப் பின்னால் டயரின் சுவர் நிற்கிறது, டயரின் கிழிசலில் வைத்த துண்டுக்குப் பின்னால் எதுவுமே இல்லை. காற்று அதை வெட்டின் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ரோடு பைக் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர், கிலோமீட்டருக்கு 476 சுற்று. நூறு கிலோமீட்டரில் அந்தக் கிழிசல் தரையில் அமுங்கி, வாய் திறந்து மூடுவது 47,000 முறைக்கு மேல். ஒவ்வொரு முறையும் ஓரத்து நூல்தான் அடி வாங்குகிறது. வெட்டு நீளும், துண்டு நகரும். முதல் நூறு கிலோமீட்டர் தாங்கியது என்பது அடுத்த நூறைத் தாங்கும் என்பதற்குச் சான்று அல்ல. சொல்லப்போனால் எதிர்ச்சான்று. அந்த வைத்தியத்தை ஆறு மாதத்துக்கு நீட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

முன்சக்கரம், பின்சக்கரம் என்ற வேறுபாடு இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். பின்டயர் வெடித்தால் சைக்கிள் ஆடும், இழுக்கும், பெரும்பாலும் நேராக நிறுத்திவிட முடியும். முன்டயர் வெடித்தால் திருப்பும் பிடி போய்விடுகிறது, வளைவில் என்றால் விழுவதைத் தவிர வழியில்லை. வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் இறங்கும்போது ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் உராய்வுச் சூட்டால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் ஏறும். பலவீனமான நூலைச் சோதிக்க இதைவிட மோசமான இடம் கிடையாது. ஆனால் நம்மில் பலர் செய்வது என்ன? எடையும் மிதிக்கும் விசையும் பின்னால் அதிகம் விழுவதால் பின்டயர் சீக்கிரம் தேய்கிறது. கார் டயரை மாற்றிப் போடுவதுபோல் தேய்ந்த பின்டயரை முன்னால் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்துகிறோம். சைக்கிள் பழுதுபார்ப்பைப் பற்றி இணையத்தில் விரிவாக எழுதி 2008இல் மறைந்த அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் இதைக் கடுமையாகவே கண்டித்தார். புது டயர் எப்போதும் முன்னால், முன்னால் இருந்தது பின்னால், பின்னால் இருந்தது வெளியே என்பது அவர் சொன்ன முறை. செலவும் இதில் கூடுவதில்லை, வாங்குவது அதே ஒரு டயர்தான்.

பஞ்சர் கடைக்காரரின் அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடுவதாக ஒரு மறுப்பு வரலாம். பால்காரரின் சைக்கிளில் கிழிந்த டயருக்குத் துண்டு வைத்து வருடக்கணக்கில் ஓட விட்டவர்கள் அவர்கள், அது கண்கூடான உண்மை. ஆனால் அந்த டயரின் உடலும் ரப்பரும் பல மடங்கு தடிமன். மொத்த எடை ரோடு பைக் டயரைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாது. காற்று அழுத்தமோ பாதிக்கும் கீழே. வேகம் மணிக்கு 15 கி.மீ. இருக்கும். ரோடு பைக் இறக்கத்தில் 45ஐச் சாதாரணமாகத் தொடும். வேகம் மூன்று மடங்கானால் விழும்போது உடல் வாங்கும் ஆற்றல் ஒன்பது மடங்கு. ஒன்றில் ஓடும் வைத்தியம் மற்றதிலும் ஓடும் என்று எடுத்துக்கொள்வதுதான் பிழை.

இன்னும் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும் பேருந்தின் டயரையே ரீட்ரேட் செய்து ஓட்டுகிறோம், எண்பது கிலோ மனிதரைச் சுமக்கும் டயருக்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு? ரீட்ரேட் பட்டறையில் நடப்பதைக் கவனித்தால் இந்தக் கேள்வி என் பக்கம்தான் சேர்கிறது. அங்கே புதிதாக ஏற்றப்படுவது மேல் ரப்பர் மட்டும். ஏற்றுவதற்கு முன் டயரின் உடல் நன்றாக இருக்கிறதா என்று பரிசோதிக்கிறார்கள். உள்ளே மோசமாகக் கிழிந்திருந்தால் ஒதுக்கிவிடுகிறார்கள். ரப்பர் போனால் மறுவாழ்வு உண்டு, உடல் போனால் இல்லை என்ற அதே விதிதான். கனரக டயரின் உடல் பல ரப்பர்களைக் காணும் அளவுக்கு உறுதியாகக் கட்டப்படுகிறது. 220 கிராம் டயரில் அந்த வசதி கிடையாது.

காசு பற்றிய எதிர்ப்பை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு ஜோடி உயர்ரகப் பந்தய டயரின் விலையில் சாதாரண சைக்கிளே வாங்கிவிடலாம். வாங்கிய மறுவாரமே ஒரு கண்ணாடிச் சில்லு அதைக் கிழித்தால் மனது கேட்காது. மாவட்ட அளவில் போட்டிக்குப் போகும் மாணவருக்கு அது மாதச் செலவையே புரட்டிப்போடும். ஆனால் இதற்குத் தீர்வு கிழிந்த உயர்ரக டயரை இழுத்துப்பிடிப்பது அல்ல, பயிற்சிக்கு உயர்ரக டயரைப் போடாமல் இருப்பது. கம்பி ஓரம் வைத்த, தடித்த பயிற்சி டயர் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குள் கிடைக்கும். நூறு கிராம் கூடும், அவ்வளவுதான். ஃபிரேமில் இடமிருந்தால் 28, 32 மி.மீ. அகலத்துக்குப் போகலாம். 32 மி.மீ. டயரில் 4 பார் போதும், மேலே போட்ட அதே கணக்கில் இழுப்பு மில்லிமீட்டருக்கு 0.65 கிலோவாகக் குறைகிறது. நம் சாலைகளில் 23 மி.மீ. டயரைப் பாறையாக இறுக்கி ஓட்டுவது வேகம் தருகிறதோ இல்லையோ, டயர் வியாபாரிக்கு லாபம் தருகிறது. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் மாற்றுங்கள் என்று விற்பவர்கள் சொல்வதில் அவர்கள் நலனும் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுவது நியாயமே. அதனால்தான் கிலோமீட்டரைப் பார்க்காமல் நூலைப் பார்க்கச் சொல்கிறேன். நூலும் ரப்பரும் நன்றாக இருந்தால், யார் என்ன சொன்னாலும் மாற்ற வேண்டாம்.

ட்யூப்லெஸ் வந்த பிறகு எல்லை கொஞ்சம் மங்கியிருக்கிறது. உள்ளே ஊற்றிய சீலன்ட் சிறு ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும், கொஞ்சம் பெரிதென்றால் ரப்பர் திரியைச் செருகுகிறார்கள். திரி கசிவை நிறுத்துகிறது, அறுந்த நூலை இணைப்பதில்லை என்பது இங்கேயும் பொருந்தும். நடுப்பட்டையில் புடைக்காமல் இருந்தால் பின்சக்கரத்தில் டயரின் மிச்ச ஆயுளை ஓட்டி முடிக்கலாம். பக்கச்சுவரில் செருகிய திரி வீட்டுக்கு வழி காட்டும், அதோடு சரி. நம் வெயிலில் சீலன்ட் சில மாதங்களிலேயே உலர்ந்துவிடுவதால், அடைத்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பவர் அவ்வப்போது திறந்து பார்ப்பது நல்லது.

மாற்று, மாற்று என்று சொன்னால் குப்பை மலை வளராதா என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ட்யூபை ஒட்டுவது, பட்டன் போனதற்காக டயரை வீசாமல் இருப்பது, புது டயரை முன்னால் போட்டுப் பழையதைப் பின்னால் தேய்த்து முடிப்பது ஆகியவை மிச்சப்படுத்தும் ரப்பர் அதிகம். நூல் அறுந்த சில டயர்களைக் கழித்துக்கட்டுவதால் சேரும் குப்பை அதற்கு ஈடாகாது. போகிக்கு டயர் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. கழித்த டயரைப் பழைய பொருள் கடையில் போடுவதே முறை. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நம் ஊரில் வீசியது எதுவும் வீணாவதில்லை. பளபளப்பான இறக்குமதி டயர், வெளியே சின்னக் கீறல்தான் என்றால் யாராவது எடுத்துத் தன் முன்சக்கரத்தில் மாட்டிவிடுவார்கள். கிளப்பில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அன்பளிப்பாகவும் போய்ச் சேரலாம். ஆகவே உள்ளே நூல் அறுந்தது உறுதியானதும், கட்டிங் பிளேயரால் இரண்டு ஓர வளையங்களையும் வெட்டிவிட்டுப் பிறகு வெளியே போடுங்கள்.